தேனித் தருமமும் பஞ்சம்மா மதினி வீடும்

எங்க மதினி பஞ்சம்மாளப் பாத்து யாராச்சும் "ஐயோ பாவம்"னு சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். பாவமாம், பாவம்! கம்பத்துல எங்க தெருவுல பாதிச் சனத்துக்கு ஏழை மாதிரி இருக்கறது எப்படின்னு பழக்கி விட்டதே அந்த மகராசிதான்.

மொதல்ல ஆளச் சொல்லிப்புடுறேன். எங்க அண்ணன் ஒச்சாண்டி பொண்டாட்டி அது. அண்ணன் திராட்சைக் கமிசன் கடையில லோடு தூக்குனவுக. நெஞ்சுவலி வந்து நடு வயசுலயே போய்ச் சேந்துட்டாக. பிள்ளை குட்டி கெடையாது. அதுக்கப்புறம் மதினி கேரளாவுக்கு ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப் ஏறுச்சு. விடியமுன்ன ஏறுனா பொழுது சாய எறங்கும். கறுப்பு, ஒல்லி, ஆனா பேச்சு மட்டும் நாலு வீடு தாண்டிக் கேக்கும். என் பேரு மூக்கம்மா. அது வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரு செவுருதான் நடுவுல.

மதினி வீடு தெருக் கடைசியில, வாய்க்காலுக்குப் பக்கத்துல இருந்துச்சு. வாடகை வீடுதான். முன்னால ஒரு பத்தி, அங்கனயே அடுப்பு. பின்னால ஒரு ரூம்பு. அந்த ரூம்புல முன்ன யாரோ ஒரு பண்ணையாரு நெல்லு கொட்டி வச்சிருந்தாகளாம். சன்னல் கெடையாது, கனமான பலகைக் கதவு, அதுல ஒரு பூட்டு. மதினிக்கு அந்த ரூம்புல வைக்க ஒண்ணுமில்ல. அதனால தெருவே கொண்டாந்து வச்சுச்சு. ஏன் வச்சுச்சுன்னு தெரியணும்னா தேனித் தருமத்தப் பத்திச் சொல்லணும்.

தேனிக் கடைவீதியில இரும்புக்கடை வச்சிருந்த பொன்னுராஜ் முதலாளி, அவுக ஆத்தா பேருல ஒரு தருமம் ஆரம்பிச்சாக. வேதக்காரவுக, ஏசு சாமியக் கும்புடுறவுக, தங்கமான மனுசரு. 'ஞானசெல்வி அம்மாள் தரும நிதி'ன்னு போர்டு போட்டிருந்தாக. எங்களுக்கு அம்புட்டு நீளம் வாயில வராது, தேனித் தருமம்னுதான் சொல்லுவோம். தையல் மிஷினு, தள்ளுவண்டி, கறவ மாடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துப் பீசு, எல்லாம் குடுத்தாக. சாதியும் பாக்கல, சாமியும் பாக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்தாக. கேக்குற ஆளு நெசமாவே இல்லாதவுகளா?

அதப் பாக்குறதுக்குன்னு ஏசுதாசன் சார்னு ஒருத்தர வச்சிருந்தாக. ரிட்டயர்டு வாத்தியாரு. வெள்ளை வேட்டி, காக்கிப் பை, கறுப்புக் குடை. வெயிலோ மழையோ, அந்தக் குடை இல்லாம அவுகள ஒருத்தரும் பாத்ததில்ல. மனுப் போட்ட வீட்டுக்கு அவுக வருவாக, ஆனா என்னைக்குன்னு சொல்ல மாட்டாக. வந்தா பத்தியில உக்காந்து நல்லது பொல்லாதத விசாரிப்பாக. வாய் பேசிக்கிட்டு இருக்கும், கண்ணு பரணுக்கு ஏறிப் போயிரும். அங்கன ஒரு பித்தளை அண்டா தெரிஞ்சுச்சு, அம்புட்டுத்தான். "வசதி இருக்கு"ன்னு எழுதிட்டுப் போயிருவாக. ரேடியோ தெரிஞ்சா கேக்கவே வேணாம்.

இங்கன ஒண்ணச் சொல்லிப்புடுறேன், எங்க தெருவக் களவாணித் தெருன்னு நெனச்சுறாதீக. ஏதோ ஒரு வருசம் தோட்டத்துல போனசு சேத்துக் குடுத்திருப்பாக, ஆசைக்கு ஒரு ரேடியோ வாங்கியிருப்பாக. அண்டா கல்யாணத்துக்கு ஆத்தா வீட்டுல குடுத்ததா இருக்கும். அதுக்காக வசதிக்காரவுகளா? பசிச்சா ரேடியோவக் கரைச்சா குடிக்க முடியும்? மதினி கேட்ட ஞாயம் இதுதான். கேட்டதோட நிக்காம, சாவிய நெலைக்கு மேல வச்சுட்டு, "குடை வந்தா உங்க சாமான என் ரூம்புல போட்டுட்டுப் பூட்டிருங்க"ன்னும் சொல்லிருச்சு.

அதுலருந்து எங்க தெருவுக்கு ஒரு ஏற்பாடு ஆகிப்போச்சு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில எங்க தெரு ஆளு யாராச்சும் இருப்பாக. தேனி பஸ்ஸுலருந்து கறுப்புக் குடை எறங்குனா குறுக்குச் சந்துல ஓடியாந்து, "குடை வருது!"ன்னு ஒரு சத்தம். ஏசுதாசன் சார் பைய நடந்து வர்றதுக்குள்ள அண்டா, குண்டா, சைக்கிள், ரேடியோ, கூட்டுக்குள்ள இருக்குற சேவல் மொதக்கொண்டு மதினி ரூம்புக்குள்ள போயிரும். காதும் காதும் வச்சாப்புல நடக்கும்.

மதினி வேலையில்லாத நாளா இருந்தா கூடவே நின்னு பாடமும் எடுக்கும்.

"ஏத்தா, சட்டி எல்லாத்தையும் கவுத்து வைக்காதே. ரெண்டக் கவுத்து, ஒண்ணுல பழையது வை. எல்லாம் கவுந்து கெடந்தா நாடகம்னு தெரிஞ்சுபோகும்."

"காப்பி குடுத்துறாதே, காப்பித்தூளுக்கு வக்கிருக்குன்னு ஆயிரும். மோரும் வேணாம், மாடு எங்கன கட்டியிருக்குன்னு கேப்பாக. பச்சத்தண்ணி குடு. அதுவும் அலுமினிய டம்ளர்ல."

"அழுவாதேடி கூறுகெட்டவளே! தெனம் நாலு பேரு அழுறத அந்த மனுசன் பாத்துட்டு வர்றாக. நீ சிரி. 'எங்களுக்கென்ன சார், நல்லா இருக்கோம்'னு சொல்லு. அப்பத்தான் அவுகளுக்கு மனசு கரையும்."

அது சொன்ன மாதிரியே கரைஞ்சுச்சு. அழுத வீட்டுக்கு ஒண்ணும் வரல, சிரிச்ச வீட்டுக்குத் தையல் மிஷினு வந்துச்சு. என் கிழிஞ்ச சேலை ஒண்ணுக்கு அப்ப தெருவுல பயங்கர கிராக்கி. ஆளாளுக்குக் கேட்டு வாங்கிக் கட்டுனாக. எங்க வீட்டுக்காரரு மொக்கைச்சாமி, "ஏண்டி, நீ போகாத வீட்டுக்கெல்லாம் உன் சேலை போய்ட்டு வருது"ன்னு என்னையக் கேலி பண்ணுவாக.

இம்புட்டும் செஞ்ச மதினி தனக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. "எனக்குக் கையும் காலும் இருக்குடி"ன்னு சொல்லிரும். எழுபத்தெட்டாம் வருசம் அந்தக் காலே போச்சு. ஐப்பசி மழையில ஏலத்தோட்டத்துச் சரிவுல வழுக்கி விழுந்து முட்டிச் சில்லு பேந்துபோச்சு. கட்டுப் போட்டு, கட்டுப் பிரிச்சு, எண்ணெய் போட்டு, என்ன செஞ்சும் கால் மடங்கல. மலையில ஏறாத காலு தோட்டத்துக்கு எதுக்கு? ஜீப்காரன் ஏத்த மாட்டேனுட்டான். அவன் மேலயும் தப்பில்ல.

வாடகை நின்னுபோச்சு. வீட்டுக்காரன் தைப்பொங்கல் வரைக்கும் பாப்பேன்னு சொல்லிட்டான். மதுரையில ஏதோ ஒரு வீட்டுல கூடமாட இருக்க ஆளு வேணும்னு கேட்டுருந்தாக. "போயி எவ வீட்டுலயாவது பாத்திரத்தத் தேச்சுக்கிட்டுக் கெடக்கேன்"ன்னு மதினி சொன்னப்ப எனக்குத் தாங்கல. எங்க அண்ணன் போனதுக்கப்புறம் பொறந்த வீட்டு வழியில எனக்குன்னு இருக்கற ஒரே ஆளு அது. வாய விட்டு அழுதேன். அது என்னைய வஞ்சுச்சு.

அப்பறம் அதுவே ஒரு ரோசனை கண்டுபிடிச்சுச்சு. தெருவுல பாதிப் பொம்பளைக விடியமுன்ன ஜீப்புல போறவளுக. மாவாட்ட ஏது நேரம்? இட்லி மாவு ஆட்டி வித்தா கண்ண மூடிக்கிட்டு வாங்குவாளுக. ஆனா ஆட்டுரலுக்கு முன்னால குத்தவச்சு உக்காரக் கால் மடங்கணுமே. கரண்டுல ஓடுற கிரைண்டர் ஒண்ணு இருந்தா ஸ்டூலப் போட்டு உக்காந்தே ஆட்டிரலாம். கிரைண்டர்னா அப்ப கம்பத்துல பெரிய ஓட்டல்ல மட்டுந்தான். அது வெல கேட்டா மயக்கமே வரும்.

இந்த ரோசனைய மதினி மொதல்ல சொன்னது கிருபாவதிகிட்ட. தெரு முக்குல பலசரக்குக் கடை வச்சிருந்தவ. புருசன் அய்யாத்துரை வாயில்லாப் பூச்சி, கடையும் கல்லாவும் அவ கையிலதான். "நல்ல ரோசனக்கா, தருமத்துல கேட்டுப் பாருங்க"ன்னா. சொல்லும்போதே அவ கண்ணு எங்கயோ போச்சு. எனக்கு அப்பவே அவ பார்வை புடிக்கல, ஆனா எனக்கு யாரு பார்வைதான் புடிச்சுச்சு?

நானும் மதினியும் பஸ் ஏறித் தேனிக்குப் போனோம். பொன்னுராஜ் முதலாளியே இருந்தாக. மனுவ வாங்கிப் பாத்துட்டு, "கிரைண்டரா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே"ன்னு சொன்னாக. மதினி கால நீட்டிக் காட்டுச்சு. அவுக முகம் எளகிருச்சு. "நாயமான காரியந்தான். ஏசுதாசன் வந்து வீட்டப் பாத்துட்டுச் சொல்லட்டும்"னாக.

"நல்லாப் பாக்கட்டுங்கய்யா. எங்க வீட்டுல பாக்கறதுக்கு நானும் பல்லியுந்தான்"ன்னு மதினி சிரிச்சுச்சு.

வர்ற வழியில நான் சொன்னேன், "மதினி, நம்மளும் ரெண்டு சட்டியக் கவுத்து வைப்போமா?" அதுக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏண்டி, இல்லாதவ எதுக்குடி இல்லாத மாதிரி நடிக்கணும்? என் வீட்ட எப்ப வேணாலும் தொறந்து காட்டுவேன்."

மார்கழியில ஒரு நாள். கால்ல வீக்கம் வத்தலன்னு மதினியக் கூட்டிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நாங்க அங்கன வரிசையில நிக்குற நேரத்துல தெருவுல சத்தம் வந்திருக்கு, "குடை வருது!"ன்னு.

மதினி மனுப் போட்டது தெருவுக்கே தெரியும். அப்ப குடை யாரு வீட்டுக்கு வருது? அத ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, நின்னு நெனச்சுப் பாத்திருக்கலாம்ல? ஊஹூம்! அந்தச் சத்தம் காதுல விழுந்தா மூளை வேலை செய்யாது, கையும் காலுந்தான் செய்யும். அதுவும் போக, முன்ன வாங்குனவுக வீட்டையும் திரும்பப் பாக்க வர்றாகன்னு அந்த மாசம் ஒரு தாக்கல் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆளாளுக்குத் தன் வீட்டுக்குத்தான் குடை வருதுன்னு நெனச்சு, நெலைக்கு மேல இருந்த சாவிய எடுத்து, ரூம்பத் தொறந்து, அம்புட்டையும் உள்ள தள்ளிப் பூட்டிட்டுப் போயிட்டாக.

இது ஒண்ணும் தெரியாம நாங்க நொண்டி நொண்டி வீடு வந்து சேந்தோம். ஏசுதாசன் சார் வாசல்ல குடைய மடக்கிக்கிட்டு நிக்கிறாக.

"வாங்க சார், வாங்க"ன்னு மதினி மொகமெல்லாம் பல்லாக் கூப்புட்டுச்சு. பத்தியில பாய விரிச்சேன். சார் உக்காந்தாக. அடுப்பப் பாத்தாக, கொடியில கெடந்த ரெண்டு சேலையப் பாத்தாக, கால் வீக்கத்தப் பாத்தாக. மதினி தெருவுக்குச் சொல்லிக் குடுத்த பாடத்துல ஒண்ணக் கூடத் தான் செய்யல, பசிக்குது, வாடகை நிக்குதுன்னு உள்ளது உள்ளபடி சொல்லுச்சு. அவுக எழுதுனாக. எழுதிட்டு, "கவலைப்படாதம்மா. தைக்கு முன்ன உனக்குக் கிரைண்டர் வந்து எறங்கும்"னு சொல்லிக் காக்கிப் பைய மூடுனாக. எனக்குக் குலவை போடணும் போல இருந்துச்சு.

அப்பத்தான் உள்ள இருந்து ஒரு ஆம்பளை பேசுனான்.

"...தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்."

அவசரத்துல எவளோ ரேடியோவ அமத்தாமக் கொண்டாந்து போட்டுட்டா.

"உள்ள யாரும்மா?"ன்னு சார் கேட்டாக.

"யாருமில்லையே சார், அது காலி ரூம்பு"ன்னு சொல்லிக்கிட்டே மதினி எந்திரிச்சுச்சு. அதுக்கும் ஒண்ணும் புரியல. நான் சேலைத் தலைப்பப் புடிச்சு இழுக்கறேன், அது எங்க நிக்குது? தானே சாவிய எடுத்து, தானே தொறந்து, "பாருங்க சார்"ன்னு கதவத் தள்ளி விட்டுருச்சு.

அடி ஆத்தி! கல்யாண வீட்டுச் சீரு தோத்துச்சு. அண்டா மேல அண்டா, குடத்து மேல குடம். ரேடியோ மட்டும் மூணோ நாலோ. சைக்கிள், டேபிள் பேனு, தருமத்துலயே குடுத்த தையல் மிஷினு. காலக் கட்டிப் போட்ட சேவல் ரெண்டு எங்களப் பாத்துக் கொக்கரிக்குது. எங்க அண்டாவும் அங்கன இருந்துச்சு! நாங்க தருமத்துல ஒரு துரும்பு கூடக் கேட்டதில்ல. எல்லாரும் தூக்குறாகளேன்னு எங்க வீட்டுக்காரரும் தூக்கிட்டு வந்திருக்காக.

மூலையில என்னமோ சாக்குப் போட்டு மூடியிருந்துச்சு. ஏசுதாசன் சார் குடை நுனியாலயே அந்தச் சாக்க விலக்குனாக. பளபளன்னு ஒரு புதுக் கிரைண்டர்.

சார் குடைய ஊனிக்கிட்டு ரூம்ப ஒரு சுத்து பாத்தாக. அப்பறம், "ஏம்மா, இதெல்லாம் யாருது?"ன்னு கேட்டாக.

அதுக்குள்ள தெரு மொத்தமும் வாசல்ல கூடியிருச்சு. ஒருத்தரு மூஞ்சியிலயும் ஈயாடல. நான் வாயத் தொறந்துட்டேன். "சார், இது..."ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள மதினி என் தொடையில கிள்ளுச்சு பாருங்க, ரெண்டு நாளைக்குக் கன்னிப் போயிருந்துச்சு. அது என்னையப் பாக்கல. வாசல்ல நின்ன கூட்டத்தப் பாத்துச்சு. ஒவ்வொரு மூஞ்சியா, பைய, நிறுத்தி நிறுத்திப் பாத்துச்சு. பாத்துட்டுச் சொல்லுச்சு.

"எல்லாம் என்னதுதான் சார்."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

ஏசுதாசன் சார் வெவரம் இல்லாதவுக இல்ல. தையல் மிஷின அவுகதான கொண்டாந்து குடுத்தாக. கூட்டத்துப் பக்கம் திரும்பி, "இந்தம்மா சொல்றது நெசந்தானா? யாராச்சும் சொல்லுங்க"ன்னு கேட்டாக. பால்பாண்டின்னு ஒருத்தன், வாழைத்தார் சொமந்து பொழைக்கறவன், அவனுக்குத் தள்ளுவண்டி வர்ற நேரம் அது. அவன் தரையப் பாத்தான். எங்க வீட்டுக்காரரு வானத்தப் பாத்தாக. கிருபாவதி மட்டும் முன்னால வந்தா.

"அவுகளதுதான் சார். எல்லாம் அவுகளதுதான். கிரைண்டர் கூட கோயம்புத்தூர்லருந்து போன வாரந்தான் வந்துச்சு."

மதினி சடக்குன்னு அவளத் திரும்பிப் பாத்துச்சு. நானும் பாத்தேன். கிரைண்டர் கோயம்புத்தூர்லருந்து வந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. மதினி ரோசனையக் கேட்டுக்கிட்டு, மதினிக்கு முன்னாடியே ஒண்ண வாங்கிப் பதுக்கி வச்சிருக்கா. கடையப் பெருசாக்கணும்னு தருமத்துல அவளும் மனுப் போட்டிருந்தா, அதான் குடைன்னதும் அதையும் தூக்கி வந்து இங்கன தள்ளியிருக்கா. சண்டாளி!

சார் பையத் தொறந்தாக, எழுதுனத அடிச்சாக, குடைய விரிச்சுக்கிட்டுப் போயிட்டாக.

அவுக தெரு முக்கு தாண்டுனாகளோ இல்லையோ, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆளாளுக்கு அவுக அவுக சாமான எடுக்க உள்ள நொழைய வர்றாக. மதினி கதவச் சாத்திப் பூட்டுப் போட்டு, சாவிய இடுப்புல சொருகிக்கிருச்சு.

"எங்க வர்றீக? அதெல்லாம் என்னது. நான் சொன்னேன், நீங்க அம்புட்டுப் பேரும் நின்னு கேட்டீக. இல்லேன்னு ஒரு ஆளு சொன்னீகளா?"

"அக்கா, அது வந்து..."

"வேணும்னா தேனிக்குப் போயி உங்களதுன்னு சொல்லுங்க. போங்க."

சனம் ஆடிப்போச்சு. அன்னைக்கு ராத்திரிச் சோத்துக்கு நான் மதினிய என் வீட்டுக்குக் கூட்டியாந்தேன். "ஏன் மதினி அப்படிச் சொன்ன? உண்மையச் சொல்லியிருந்தா கிரைண்டர் உனக்கு வந்திருக்குமே"ன்னு கேட்டேன்.

"என்னதில்லேன்னு சொன்னா யாருதுன்னு கேப்பாக. வரிசையா பேரச் சொல்லணும். பால்பாண்டி பொண்டாட்டி நெறமாசமா நிக்குறா. நான் எப்படிடி சொல்லுவேன்? அவுகளே சொல்லுவாகன்னு பாத்தேன். ஒருத்தராச்சும் சொல்லுவாகன்னு..." என் மடியில தலைய வச்சுக்கிட்டு அழுதுச்சு. அண்ணன் செத்தன்னைக்குக் கூட அப்படி அழுததில்ல.

மறுநாள்லருந்து எங்க தெரு இருந்த லட்சணத்தப் பாக்கணுமே! ரேடியோச் சத்தம் கெடையாது. வேலைக்குப் போற ஆம்பளைக சைக்கிள் இல்லாம நடையா நடந்தாக. தண்ணி புடிக்கக் குடமில்லாமப் பொம்பளைக சோத்துச் சட்டியத் தூக்கிக்கிட்டுக் குழாயடிக்கு வந்தாளுக. சேவல் ரெண்டும் கதவுக்குள்ள இருந்தே கூவுச்சு. மதினி கதவ லேசாத் தொறந்து அதுகளுக்கு இரை போட்டுச்சே தவிர, வெளிய விடல. எங்க வீட்டுக்காரரு என்கிட்ட வந்து, "உங்க மதினிகிட்ட நம்ம அண்டாவ மட்டும்..."னு இழுத்தாக. "வானத்துகிட்டப் போயிக் கேளுங்க"ன்னுட்டேன்.

மொதல்ல வந்தவன் பால்பாண்டிதான். வாசல்ல வந்து நின்னான். "அக்கா, அந்தச் சைக்கிள் என்னது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"என்னமோ சொன்னியே, காதுல விழல"ன்னு மதினி சொல்லுச்சு. "தெருவுக்குக் கேக்கட்டும்."

அவன் நடுத்தெருவுல நின்னு கத்துனான். "அந்தச் சைக்கிள் என்னது! பஞ்சம்மாக்காவோடது இல்ல! நான் சொல்லாம நின்னேன்!"

மதினி பூட்டத் தொறந்து சைக்கிள எடுத்துக் குடுத்துச்சு. அம்புட்டுத்தான், தெருவே வரிசையில வந்துருச்சு. ஒரு பக்கம் "அந்த மர்பி ரேடியோ என்னது!" இன்னொரு பக்கம் "ரெண்டு குடமும் என்னது, சொல்லாம நின்னேன்!" எங்க வீட்டுக்காரரு குரல் மட்டும் ஒசக்க எழும்பல. மறுபடி ஒரு தடவ கத்தச் சொல்லுச்சு மதினி. நான் வாசல்ல உக்காந்து கை தட்டுனேன்.

கடைசியில கிருபாவதி வந்தா. கண்ண நல்லாக் கசக்கிச் செவக்க வச்சுக்கிட்டு வந்தா.

"அக்கா, நானும் சொல்லிர்றேங்க்கா. அந்தக் கிரைண்டர்..."

"நீ ஏன் ஆத்தா சொல்லணும்?" மதினி குரல்ல தேன் ஒழுகுச்சு. "சொல்லாதவுகதான் வந்து சொல்லிட்டுப் போறாக. நீதான் அன்னைக்கே சாரு முன்னாடி சொல்லிட்டியே, அது என்னதுன்னு. சொன்ன சொல்ல மாத்தலாமா?"

"அக்கா, அது என் காசு போட்டு..."

"அப்படியா? அப்ப நாளைக்கே தேனிக்குப் போயி, அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு ஏசுதாசன் சார்கிட்டச் சொல்லிட்டு வா. இந்த நொண்டிக் காலோட நானே தூக்கிக்கிட்டு வந்து உன் கடையில வைக்கிறேன்."

கிருபாவதி தேனிக்குப் போகல. போனா மனு போயிரும், மானமும் போயிரும். கொஞ்ச நேரம் கதவப் பாத்துக்கிட்டு நின்னுட்டு வந்த வழியே திரும்பிட்டா.

தைக்கு முன்னயே மதினி வீட்டுல கிரைண்டர் ஓடுச்சு. கரண்டு லைனுக்கு ஆன செலவ, சத்தம் போட்டுச் சாமான் வாங்கிட்டுப் போனவுக எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாக. மதினி கேக்கல, அவுகளாவே போட்டாக. பொழுதானா தூக்குவாளியோட பொம்பளைக நின்னாளுக. பொங்கலுக்கு வாடகை குடுத்தாச்சு. மதுரைப் பேச்சு அதோட நின்னுச்சு.

ஆனா மதினிக்கு ஒண்ணு உறுத்துச்சு. "என்ன இருந்தாலும் ஓசியில வச்சிருக்கக் கூடாதுடி"ன்னு சொல்லுச்சு. ஒரு நாள் சினிமாக் கொட்டகைக்குப் போர்டு எழுதுறவனக் கூட்டியாந்து, கோயில்ல டியூப்லைட்டுல எழுதுவாகள்ல, அதே மாதிரி கிரைண்டர் வயித்துல செவப்புப் பெயிண்டுல எழுத வச்சுச்சு. 'உபயம்: அ. கிருபாவதி அம்மாள், பலசரக்கு வியாபாரம், கம்பம்.' வாசலப் பாத்துத் திருப்பி வச்சுச்சு. தெருவுல போறவுக வர்றவுக எல்லாம் வாசிச்சாக.

மாசியில மறுபடி குடை வந்துச்சு. இந்தத் தடவ ஒருத்தரும் ஓடல. சார் கிருபாவதி மனுவ விசாரிக்க வந்திருக்காக. அவ கடைய வழிச்சுத் தொடச்சுக் காலி டப்பாவா அடுக்கி வச்சிருந்தா. அவுக கடைய விசாரிக்கறதுக்கு முன்னாடி, தெருக் கடைசியில கிரைண்டர் சத்தத்தக் கேட்டுப் போனவுக, மதினி வாசல்ல அந்தச் செவப்பு எழுத்தப் பாத்துட்டு நின்னுட்டாக. கண்ணாடியப் போட்டு வாசிச்சாக. மறுபடி வாசிச்சாக. வாசிச்சுட்டு நேரா கடைக்குப் போயி, கிருபாவதி முன்னால ரெண்டு கையையும் கூப்புனாக.

"அம்மா, அன்னைக்கு என் முன்னாடி நின்னப்ப நீங்கதான் வாங்கிக் குடுத்தீகன்னு ஒரு வார்த்தை சொல்லலையே! நாங்க குடுக்க முடியாதத நீங்க குடுத்துட்டு, சொல்லாமலும் இருந்திருக்கீக."

"இல்ல சார், அது வந்து..."ன்னு கிருபாவதி தடுமாறுனா.

சாருக்குச் சந்தேகம். தெருப் பக்கம் திரும்பி, அன்னைக்குக் கேட்ட மாதிரியே கேட்டாக. "இது நெசந்தானா? யாராச்சும் சொல்லுங்க."

பால்பாண்டி தள்ளுவண்டிய நிப்பாட்டிட்டு மொதல்ல கத்துனான். "ஆமா சார்! அவுகதான் குடுத்தாக!" எதுத்த வீட்டுக்காரி கத்துனா. எங்க வீட்டுக்காரரு வெளிய வந்து, யாரும் கேக்காமலே, ஒசத்தியாக் கத்துனாக. தெரு மொத்தமும், வாயிருந்த அம்புட்டுப் பேரும், "கிருபாவதியக்காதான் சார் குடுத்தாக"ன்னு ஒரே கூப்பாடு. மதினி மாவு வழிச்ச கையோட வாசலுக்கு வந்து, நெலையப் புடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு மூஞ்சியா பாத்துச்சு. அது மொகத்த அன்னைக்குப் பாத்திருக்கணும் நீங்க.

ஏசுதாசன் சார் கண்ணத் தொடச்சுக்கிட்டாக. "உங்களுக்கு உதவி பண்ற எடத்துல நாங்க இல்லம்மா. உங்கள மாதிரி ஆளுககிட்ட நாங்கதான் கேட்டு வரணும்"னு சொல்லி, காக்கிப் பைக்குள்ள கைய விட்டு நன்கொடை ரசீதுப் புத்தகத்த எடுத்தாக.

தெருவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கிருபாவதி கல்லாவத் தொறந்தா.